வளவில் விண்கலம்: அறிவியல் புனைவுத் தொடர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் கோடை விடுமுறைக்கும் வீட்டு விசேஷத்துக்கும் உறவுகள் கூடும்போது, வளவில், அதாவது செட்டிநாட்டு வீட்டின் நடு முற்றத்தில், திரை கட்டி அறிவியல் புனைவுத் தொடர் பார்க்கும் வழக்கம் மெல்லப் பரவி வருகிறது. எதைப் பார்ப்பது, எதிலிருந்து தொடங்குவது, படம் ஏன் கறுப்பாக வருகிறது, வசனம் ஏன் புரிவதில்லை என்று கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கான பதில்கள் இங்கே. எந்தத் தொடரின் முடிவையும் இதில் சொல்லவில்லை.

அறிவியல் புனைவு என்றால் என்ன? விண்கலமும் ரோபோவும் வந்தால் போதாதா?

போதாது. நமக்குத் தெரிந்த உலகத்தில் ஏதோ ஒன்றை மாற்ற வேண்டும். அந்த மாற்றம் மந்திரத்தால் வராமல், அறிவால் எட்டக்கூடிய காரணத்தால் வந்திருக்க வேண்டும். அதன் பிறகு அந்த மாற்றம் யார் யார் வாழ்க்கையை எப்படி எப்படிப் புரட்டுகிறது என்று கதை நேர்மையாகப் பின்தொடர வேண்டும். இலக்கிய ஆய்வாளர் டார்கோ சுவின் 1979இல் வெளியிட்ட நூலில் அந்த ஒரு புதுமைக்கு ‘நோவம்’ என்ற பெயரைப் பயன்படுத்தினார். இன்றைக்கும் பலர் கைக்கொள்ளும் அளவுகோல் அதுதான்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. புதுமையைக் கதையிலிருந்து பிடுங்கிவிட்டு, கதை நிற்கிறதா என்று பாருங்கள். லேசர் துப்பாக்கிக்குப் பதில் நாட்டுத் துப்பாக்கியை வைத்தாலும் கதை அப்படியே ஓடினால், அது விண்வெளி உடை போட்ட சண்டைக் கதை. ‘பிளாக் மிரர்’ தொடரின் முதல் சீசனில் மூன்றாவது எபிசோடை (2011) எடுத்துக்கொள்ளுங்கள். காதுக்குப் பின்னால் நெல்மணி அளவில் ஒரு கருவி. பார்த்தது, கேட்டது அனைத்தையும் அது பதிந்து வைக்கும். வேண்டும்போது ஓட்டிப் பார்க்கலாம். ஒரு விருந்தில் மனைவி யாரோ ஒருவர் சொன்னதற்குச் சற்று அதிகமாகச் சிரிக்கிறாள். கருவி இல்லாத வீட்டில் அந்தச் சந்தேகம் இரண்டு நாளில் ஆறியிருக்கும். இங்கே கணவன் அந்தச் சிரிப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறான், பெரிதாக்குகிறான், சுவரில் போட்டுக் காட்டி மனைவியிடம் கணக்குக் கேட்கிறான். பொறாமை பழையதுதான். கருவியை எடுத்துவிட்டால் இந்தக் கதை இல்லை.

இன்னொரு சோதனை, விலை. புதுமைக்கு ஒரு எல்லையோ கட்டணமோ இருக்க வேண்டும். எதையும் செய்ய முடிகிற கருவி வந்தால், அடுத்த நிமிடமே கதையில் சிக்கல் என்று ஒன்று மிஞ்சாது. பல தொடர்கள் மூன்றாம் சீசனுக்கு மேல் சரிவது இங்கேதான்: முதல் சீசனில் போட்ட விதியைத் தாங்களே மறந்துவிடுகிறார்கள்.

புஷ்பக விமானம் நம் புராணத்திலேயே இருக்கிறதே, அது அறிவியல் புனைவா?

கற்பனையின் வீச்சில் குறைவே இல்லை. பாகவதத்தில் ககுத்மி என்ற அரசன் மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்கப் பிரம்மலோகம் போகிறான். அங்கே பாட்டுக் கச்சேரி முடியும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டால், பூமியில் 27 சதுர்யுகம் கழிந்துவிட்டது என்று பிரம்மா சொல்கிறார். இடத்துக்கு இடம் காலம் வேறு வேகத்தில் ஓடும் என்ற எண்ணம் அதில் முழுசாக இருக்கிறது. ஆனால் ஏன் அப்படி ஓடுகிறது என்ற காரணம் தெய்வச் செயல். மனிதன் கணக்குப் போட்டு அதை மறுபடி செய்து பார்க்க வழியில்லை. அறிவியல் புனைவுக்கும் புராணத்துக்கும் வேலி அந்த இடத்தில்தான் ஓடுகிறது. இதில் உயர்வு தாழ்வு ஏதுமில்லை.

‘சக்திமான்’, ‘மர்மதேசம்’ எல்லாம் எந்தக் கணக்கில் வரும்?

1997இல் தொடங்கிய ‘சக்திமான்’ தவ வலிமையால் சக்தி பெற்ற நாயகனின் கதை. சூப்பர் ஹீரோ வகை. ‘மர்மதேசம்’ அமானுஷ்ய மர்மம். இரண்டிலும் விஞ்ஞானம் பேசுகிற பாத்திரங்கள் வரலாம், அது மட்டும் வகையை மாற்றிவிடாது.

சினிமா இருக்கும்போது தொடர் எதற்கு?

பின்விளைவைக் காட்ட நேரம் வேண்டும் என்பதற்காக. இரண்டரை மணி நேரத்தில் ஒரு கண்டுபிடிப்பைக் காட்டி, ஒரு ஆபத்தைக் காட்டி, தீர்த்துவிடலாம். அந்தக் கண்டுபிடிப்பு வந்து பத்து வருடம் கழித்து அடுப்படியில் என்ன மாறியிருக்கும், சம்பளம் எப்படிப் போடுவார்கள், பிள்ளைகள் எதைக் கேலி செய்வார்கள் என்று காட்டத் தொடரால்தான் முடியும். ‘ஃபார் ஆல் மேன்கைண்ட்’ (2019) இதற்கு நல்ல உதாரணம். நிலவில் முதலில் சோவியத் யூனியன் இறங்கியிருந்தால் என்ற ஒரே மாற்றம். அதிலிருந்து ஒவ்வொரு சீசனும் சுமார் பத்தாண்டு தாவி, அமெரிக்க வீடுகளும் வேலைகளும் எப்படித் திசை மாறின என்று காட்டிக்கொண்டே போகிறது.

இதுவரை ஒன்றுமே பார்த்ததில்லை. முதல் தொடர் எது?

‘தி ட்விலைட் ஸோன்’. ராட் செர்லிங் உருவாக்கி 1959 முதல் 1964 வரை அமெரிக்காவில் ஓடியது. 156 எபிசோடுகள், ஒவ்வொன்றும் தனிக் கதை. நான்காவது சீசன் மட்டும் ஒரு மணி நேர எபிசோடுகள். மற்றவை அரை மணிக்குள் முடிந்துவிடும். கறுப்பு வெள்ளை என்று தயங்க வேண்டாம். முதல் சீசனில் மேப்பிள் தெருவைப் பற்றிய எபிசோடைப் போடுங்கள் (1960). ஒரு சாயங்காலம் ஒரு தெருவில் கரண்ட் போகிறது, கார் கிளம்பவில்லை, போன் வேலை செய்யவில்லை. ஒரே ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. ‘அவன் வீட்டில் மட்டும் எப்படி?’ என்று தெரு மொத்தமும் திரும்பிப் பார்க்கிறது. கரண்ட் போனால் திண்ணைக்கு வந்து எதிர்வீட்டைப் பார்க்கிற பழக்கம் உள்ள எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

பிளாக் மிரரை முதல் எபிசோடிலிருந்து தொடங்காதீர்கள். அது குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க முடியாத விஷயம். அதைப் பார்த்துவிட்டுத் தொடரையே ஒதுக்கியவர்கள் ஏராளம். எபிசோடுகளுக்குள் பெரும்பாலும் தொடர்ச்சி கிடையாது, எங்கிருந்து வேண்டுமானாலும் நுழையலாம்.

ஸ்டார் ட்ரெக் கடல் மாதிரி இருக்கிறது. எங்கே இறங்குவது?

1966இல் தொடங்கிய மூலத் தொடர் மூன்று சீசன், 79 எபிசோடு. 1980களில் தூர்தர்ஷனில் வந்தது இதுதான். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஸ்போக் என்ற வேற்றுக்கிரக அதிகாரியின் கூர்க் காது ஞாபகம் இருக்கும். அன்றைய குறைந்த பட்ஜெட் கதையையே செதுக்கியது. ஒவ்வொரு வாரமும் கப்பலைக் கிரகத்தில் இறக்கிக் காட்டப் பணம் கட்டுப்படியாகாததால்தான் ஆளை மின்னலாக்கி அனுப்பும் ‘டிரான்ஸ்போர்ட்டர்’ வந்தது. தானாகத் திறக்கும் கதவுகளை மறைவில் நின்று ஆட்கள் இழுத்தார்கள்.

புதிதாக வருபவர்களுக்கு எங்கள் பரிந்துரை ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ (1987–1994). ஒரு எச்சரிக்கை: முதல் சீசன் பலவீனமானது. வரிசையாகத்தான் பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்தவர்களில் பலர் ஆறாவது எபிசோடுக்குள் எழுந்து போயிருக்கிறார்கள். இரண்டாம் சீசன், ஒன்பதாம் எபிசோடிலிருந்து தொடங்குங்கள். டேட்டா என்ற இயந்திர மனிதன் கப்பல் அதிகாரி. அவனைப் பிரித்து ஆராய ஒரு விஞ்ஞானி வருகிறார். டேட்டா ராஜினாமா கொடுக்கிறான். ராஜினாமா செய்ய அவனுக்கு உரிமை உண்டா, அல்லது அவன் கப்பலின் சொத்தா? விசாரணை நடக்கிறது. அவனுக்கு எதிராக வாதாட அவனுடைய நண்பனையே நியமிக்கிறார்கள். நண்பன் எழுந்து வந்து டேட்டாவின் கையைக் கழற்றி மேசையில் வைக்கிறான். வெடியும் இல்லை, துரத்தலும் இல்லை. மூன்று நான்கு பேர் அறைக்குள் பேசுகிறார்கள், அவ்வளவுதான். செயற்கை நுண்ணறிவைப் பற்றி 1989இல் வந்த இந்த முக்கால் மணி நேரம் இன்றைய பல புதுத் தொடர்களைவிடக் கூர்மையானது.

பிரிட்டனின் காலப்பயணத் தொடர் டாக்டர் ஹூ 1963இலிருந்து ஓடுகிறதாமே? எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமா?

பார்க்கவும் முடியாது. 1960களின் நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியதால் 90க்கும் மேற்பட்ட எபிசோடுகள் பிபிசியிடமே இல்லாமல் போயின. 1989இல் நின்ற தொடர் 2005இல் மறுபடி தொடங்கியது, அங்கிருந்து பாருங்கள். ஒன்றே ஒன்று போதும் என்றால் 2007இல் வந்த ‘பிளிங்க்’. பார்ப்பவர் கண் சிமிட்டினால் நகரும் கற்சிலைகள். நாயகனான டாக்டர் அதில் வெகு நேரம் வருவதில்லை என்பதால் முன்கதை எதுவும் தெரிய வேண்டாம்.

நாயகன் உருமாறுகிற ஏற்பாட்டைப் பலர் கேட்கிறார்கள். முதல் நடிகர் வில்லியம் ஹார்ட்னெல் 1966இல் விலக வேண்டி வந்தது. தொடரை நிறுத்தாமல், டாக்டர் சாகும் தறுவாயில் புது உடம்பு எடுப்பார் என்று விதி செய்தார்கள். தேவைக்கு வந்த விதி, தொடரின் உயிராகிவிட்டது. அவர் காலத்தில் பயணம் செய்யும் நீலப் பெட்டி வெளியே ஒரு ஆள் நிற்குமளவு, உள்ளே போனால் முடிவில்லாத மாளிகை. முகப்பைத் தாண்டி வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நடந்து அடுத்த தெருவில் வெளியே வருகிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது சட்டென்று பிடித்துவிடும்.

தலைப்பு இசையைக் காது கொடுத்துக் கேளுங்கள். ரான் கிரெய்னர் எழுதிய மெட்டை 1963இல் டெலியா டெர்பிஷைர் என்ற பெண் பிபிசி ஒலிக்கூடத்தில் உருவாக்கினார். விற்பனைக்குக் கீபோர்டு சின்தசைசர் வராத காலம். சுண்டிய கம்பியின் ஒலியையும் சோதனைக் கருவிகளின் மின்னொலியையும் பதிவு செய்து, நாடாவை வேகம் கூட்டியும் குறைத்தும் ஒவ்வொரு ஸ்வரமாக எடுத்து, நாடாத் துண்டுகளைக் கத்தரித்து வரிசையாக ஒட்டினார். ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு துண்டு நாடா. வளவில் நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் முதுகுத்தண்டு சிலிர்க்கும்.

அறிவியல் சரியாக இருக்கிற தொடர் எது?

‘தி எக்ஸ்பான்ஸ்’ (2015–2022, ஆறு சீசன், 62 எபிசோடு). பிளஸ் டூ இயற்பியல் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் கட்டாயம் காட்டுங்கள். இந்தக் கப்பல்களில் மாய ஈர்ப்பு விசை கிடையாது. எஞ்சின் அடியில், மாடிக்கு மேல் மாடியாகக் கட்டிய கோபுரம் மாதிரி கப்பல். எஞ்சின் தள்ளும்போது தரை காலை அழுத்துகிறது, அதுதான் எடை. பாதி வழியில் எஞ்சினை அணைக்கிறார்கள், எல்லோரும் மிதக்கிறார்கள். கப்பலை அப்படியே தலைகீழாகத் திருப்பி மறுபடி எஞ்சினைப் போடுகிறார்கள், இப்போது வேகம் குறையத் தொடங்குகிறது. பிரேக் பிடிக்க விண்வெளியில் வேறு வழியே இல்லை. அதே விசை மூன்று நான்கு மடங்கு கூடினால் ரத்தம் மூளைக்கு ஏறாது; ஆகவே நாற்காலியிலேயே ஊசி மருந்து ஏறுகிறது.

சீரிஸ் என்ற சிறுகோளில், உள்ளே வாழும் மனிதர்கள் வெளிப்பக்கமாக அழுந்தும்படி கோளையே சுழல விட்டிருக்கிறார்கள். முதல் சீசனில் துப்பறிவாளர் மில்லர் குவளையில் மது ஊற்றும் காட்சியில் நிறுத்திப் பாருங்கள்: நேராக விழாமல் வளைந்து விழும். சுழல்கிற இடத்தில் அப்படித்தான் விழ வேண்டும். யாரும் அதைப் பற்றி ஒரு வசனம் பேசுவதில்லை.

அந்த ஊரின் அரசியலே தண்ணீர்தான். சனிக்கோளின் வளையங்களிலிருந்து பனிக்கட்டி வெட்டி வருகிற கப்பல் வரவில்லை என்றால் ரேஷன். ஓட்டுச் சரிவில் விழும் மழையை வளவில் அண்டா வைத்துப் பிடித்த வீடுகளும், ஊருக்கு ஊர் ஊருணி வெட்டிக் காவல் போட்ட சனமும் வாழும் சீமையில், இதை யாரும் அந்நியக் கதையாகப் பார்க்க மாட்டார்கள். முதல் மூன்று எபிசோடுகளில் பெயர்கள் குழப்பும். நான்காவது வரை பொறுங்கள்.

விண்வெளியில் சத்தம் கேட்கிறதே, இது தவறில்லையா?

தவறுதான். காற்றில்லாத இடத்தில் வெடிச்சத்தம் கேட்காது. ஆனால் ஒரு தொடரை இதற்காக ஒதுக்க வேண்டாம். தான் போட்ட விதியைத் தானே மீறுகிற தொடர்தான் பெரிய குற்றவாளி. ‘பாபிலோன் 5’ (1994–1998) சத்தம் போடும், ஆனால் அதன் சிறு போர்க்கலங்கள் விமானம் மாதிரி வளைந்து பறக்காமல், முன்னோக்கிப் போய்க்கொண்டே பின்பக்கம் திரும்பிச் சுடும். இயற்பியல் அந்த இடத்தில் சரி. 110 எபிசோடுகளில் 92ஐ ஜே. மைக்கேல் ஸ்ட்ரசின்ஸ்கி தனி ஆளாக எழுதினார். ஐந்து வருடக் கதையை முன்பே திட்டமிட்டு எழுதியதால் முதல் சீசனில் போகிறபோக்கில் சொன்னது நான்காவதில் வந்து நிற்கும். ஆகவே அதன் முதல் சீசன் மெதுவாக இருந்தாலும் தாண்டாதீர்கள்.

‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வில் 1978, 2003, 2004 என்று மூன்று ஆண்டு போட்டிருக்கிறதே?

1978 பழைய தொடர், அதை விட்டுவிடலாம். 2003இல் வந்த மூன்று மணி நேரக் குறுந்தொடர்தான் புதுக் கதையின் தொடக்கம். பல தளங்களில் அது தனித் தலைப்பாகக் கிடக்கும். அதைப் பார்க்காமல் 2004இன் முதல் சீசனுக்குள் போனால் ஒன்றும் புரியாது.

முதல் சீசனின் முதல் எபிசோடு பெயர் ‘33’. பன்னிரண்டு உலகங்கள் அழிந்து, மிச்சமிருக்கும் சுமார் ஐம்பதாயிரம் பேர் கப்பல்களில் ஓடுகிறார்கள். எங்கே தாவினாலும் 33 நிமிடத்தில் எதிரி வந்துவிடுகிறான். ஐந்து நாளாக யாரும் தூங்கவில்லை. கல்வி அமைச்சராக இருந்து, மேலே இருந்த 42 பேரும் இறந்ததால் அதிபரான லாரா ரோஸ்லின், உயிரோடிருப்பவர் எண்ணிக்கையை ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி எழுதி அழிக்கிறார். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது தொழிலையும் நிலத்தையும் போட்டுவிட்டு மலைக்காடு வழியாக நடந்தே திரும்பியவர்களின் கதை செட்டிநாட்டில் பல வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது. அந்த வீட்டு ஐயா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க இந்த எபிசோடைப் பார்ப்பது தனி அனுபவம். யார் வந்து சேர்ந்தார்கள் என்று எண்ணிய கணக்கு அவர்களுக்கு வீட்டுக் கதையாகவே தெரியும்.

வன்முறையும் படுக்கையறைக் காட்சிகளும் உண்டு. பிள்ளைகள் தூங்கிய பிறகு வையுங்கள்.

‘டார்க்’ பார்த்தேன், யார் யாருக்கு என்ன உறவு என்றே தெரியவில்லை. என்ன செய்வது?

காகிதமும் பேனாவும் எடுங்கள். ஜெர்மன் தொடர், 2017–2020, மூன்று சீசனில் 26 எபிசோடு. விண்டன் என்ற சின்ன ஊர், நான்கு குடும்பம், 33 ஆண்டுக்கு ஒரு சுழற்சி: 1953, 1986, 2019. ஒரே ஆள் மூன்று வயதில் மூன்று நடிகராக வருவார்.

ஒரு முழு வெள்ளைத்தாளைக் குறுக்காக வைத்து மூன்று பத்தி போடுங்கள், பத்திக்கு ஒரு ஆண்டு. குடும்பத்துக்கு ஒரு நிற மை. புது முகம் வந்தால் படத்தை நிறுத்திப் பெயரை எழுதிய பிறகுதான் மேலே போக வேண்டும். பென்சிலில் எழுதுவது நல்லது, உறவு மாறும். ஒரு நாளைக்கு இரண்டு எபிசோடுக்கு மேல் வேண்டாம்; மூன்றாவதில் முதலாவது கலங்கிவிடும். நகரத்தார் சமூகத்தின் ஒன்பது குலக் கோயிலில் எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்று விசாரித்துத்தான் சம்பந்தம் பேசுகிற, பேரனுக்கு ஐயா பெயரையே வைக்கிற ஊரில், இந்தத் தாளை நிரப்ப அப்பத்தாவை விட்டால் ஆள் கிடையாது. அவரிடம் பேனாவைக் கொடுத்துவிட்டு நீங்கள் வசனத்தைச் சொல்லுங்கள்.

ஆங்கில டப்பிங் வேண்டாம். உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். ஜெர்மன் ஒலி, ஆங்கில சப்டைட்டில்.

‘ஃபயர்ஃப்ளை’ முதல் எபிசோடே நடுவில் தொடங்குவது போலிருக்கிறதே?

2002இல் சேனல் அதை வரிசை மாற்றி ஒளிபரப்பியது. இரண்டு மணி நேரத் தொடக்க எபிசோடு கடைசியில் வந்தது. ‘செரினிட்டி’ என்ற எபிசோடு முதலாவதாக இருக்கிறதா என்று சரிபாருங்கள். மொத்தம் 14.

தமிழில் ஒன்றுமே இல்லையா?

கொஞ்சம்தான். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ தூர்தர்ஷனில் தொடராக வந்தது; ஜீனோ என்ற இயந்திர நாயை அந்தத் தலைமுறை மறக்காது. 2020இல் ‘டைம் என்ன பாஸ்’ என்ற காலப்பயண நகைச்சுவைத் தொடர் வந்தது. 2021இன் ‘நவரசா’ தொகுப்பில் ‘புராஜெக்ட் அக்னி’ என்ற ஒரு கதை அறிவியல் புனைவு. இந்தியில் 1998இன் ‘கேப்டன் வ்யோம்’ உண்டு. பணம் மட்டும் காரணம் என்று நாங்கள் நினைக்கவில்லை. ட்விலைட் ஸோனின் பல எபிசோடுகள் ஒரே அறையில், நான்கு நடிகரோடு முடிந்துவிடும். அப்படி எழுதும் ஆட்கள் தமிழில் தாராளமாக இருக்கிறார்கள். எழுதச் சொல்லிக் கேட்பவர்கள்தான் வேண்டும்.

வளவில் திரை எப்படிக் கட்டுவது?

எட்டு முழ வெள்ளை வேட்டி போதும், அகலம் 50 அங்குலம். படம் 7 அடி அகலம் வைத்தால் உயரம் 47 அங்குலம் வரும், வேட்டிக்குள் அடங்கும். கரை ஒரு அங்குலத்துக்கு மேல் இருந்தால் படத்தில் தெரியும், ஆகவே சின்னக் கரை. வேட்டி மெல்லியது, பாதி வெளிச்சம் பின்னால் ஓடிவிடும். பின்னால் இன்னொரு வேட்டியும் அதற்குப் பின் கறுப்புப் போர்வையும் சேர்த்துக் கட்டுங்கள். இரண்டு தூணுக்கு நடுவே மேலும் கீழும் கயிறு இழுத்து, கீழ் விளிம்பில் மூங்கில் கழி கோத்தால் காற்றில் ஆடாது. தூணில் ஆணி அடிக்காதீர்கள். பர்மாத் தேக்கு இனிக் கிடைக்காது.

வழுவழுப்பான முட்டைப் பூச்சுச் சுவரிலேயே நேரடியாக அடிக்கலாமே என்று தோன்றும். அந்தச் சுவர் கண்ணாடி மாதிரி. நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு பளபளக்கும், ஓரம் மங்கும்.

படத்தின் கீழ் விளிம்பு தரையிலிருந்து நான்கு அடி உயரத்தில் இருக்கட்டும். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் தலை சுமார் மூன்று அடியில் இருக்கும். சப்டைட்டில் கீழேதான் வருகிறது. தாழக் கட்டினால் முன்வரிசையின் தலைகள் வசனத்தை மறைத்துவிடும். முதல் தடவை கட்டுபவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை இது.

புரொஜெக்டர் திரையிலிருந்து எட்டரை முதல் பத்தரை அடி தூரத்தில். வெளிச்ச அளவு ‘9000 லூமென்ஸ்’ என்று அட்டையில் போட்டதை நம்ப வேண்டாம். தரப்படுத்திய அளவான ‘ஆன்ஸி லூமென்ஸ்’ என்று எவ்வளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். 500 குறைந்தபட்சம், 1000 இருந்தால் நிம்மதி. வளவு வானம் பார்த்தது, முழுசாக இருட்டும்வரை தொடங்காதீர்கள்.

சத்தம் வருகிறது, படம் மட்டும் கறுப்பாக இருக்கிறதே?

ஓடிடி செயலிகள் பிரதி எடுப்பதைத் தடுக்கப் பூட்டு வைத்திருக்கின்றன. போனின் திரையைப் பிரதிபலித்தாலும், மலிவான மாற்றிக் கம்பி (அடாப்டர்) போட்டாலும் அந்தப் பூட்டு விழுந்து படம் மட்டும் மறையும். லேப்டாப்பிலிருந்தோ டிவி ஸ்டிக்கிலிருந்தோ நேராக எச்டிஎம்ஐ கம்பியில் கொடுங்கள்.

வசனம் ஒன்றும் புரியவில்லை, எதிரொலிக்கிறது.

ஆத்தங்குடிக் கல் தரை, சுண்ணாம்புச் சுவர், வழுவழுத் தூண்: ஒலியை உறிஞ்ச ஒன்றுமே இல்லை. சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடும். தரை முழுக்க ஜமுக்காளமும் கோரைப்பாயும் விரித்து, திரைக்கு எதிர்ச் சுவரில் இரண்டு கனமான போர்வை தொங்க விடுங்கள். ஸ்பீக்கரைத் திரைக்கடியில் வைக்காமல், உட்கார்ந்திருப்பவர்களின் இரு பக்கமும் காது உயரத்தில் வைத்துச் சத்தத்தைக் குறையுங்கள். புளூடூத் வேண்டாம், குரல் உதட்டுக்குப் பின்னால் வரும். கடித்தால் சத்தம் போடும் தேன்குழலும் சீடையும் இடைவேளையில் கொடுங்கள். படம் ஓடும்போது மெத்தென்ற கந்தரப்பம்.

கரண்ட் போனால்?

எல்இடி புரொஜெக்டர், லேப்டாப், ஸ்பீக்கர், ஒரு மின்விசிறி சேர்த்து 250 வாட் என்று வையுங்கள். 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரியைப் பாதிக்குக் கீழ் இறக்காமல் ஓட்டினால் ஏறக்குறைய மூன்று மணி நேரம் தாங்கும். பழைய பேட்டரி என்றால் அதில் பாதி. பல்பு வகைப் புரொஜெக்டர் சட்டென அணைந்தால் மின்விசிறியும் நின்று பல்பு வெந்துவிடும். 20 நிமிடம் ஆறவிட்டுப் போடுங்கள்.

நெட் எவ்வளவு வேண்டும்?

எச்டி தரத்தில் மணிக்குச் சுமார் 3 ஜிபி. தினம் 2 ஜிபி போன் திட்டத்தில் ஒரு எபிசோடே முட்டும். செயலி அனுமதித்தால் லேப்டாப்பிலேயே முன்கூட்டிப் பதிவிறக்கிக்கொள்ளலாம். இரண்டடிச் சுவருக்குள் சிக்னல் நுழையாது. ஹாட்ஸ்பாட் போனை முகப்பிலோ மாடியிலோ வையுங்கள்.

ஆங்கிலம் தெரியாத பெரியவர்களுக்கு?

தமிழ் ஒலி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஒருவர் மட்டும் கதை சொல்லட்டும். நான்கு பேர் சொன்னால் யாருக்கும் கேட்காது. சூழலை ஆரம்பத்திலேயே நான்கு வரியில் சொல்லிவிடுங்கள், நடுவில் முக்கியமான வசனத்தை மட்டும்.

பிள்ளைகளுக்கு?

‘லாஸ்ட் இன் ஸ்பேஸ்’ (2018–2021), 28 எபிசோடு. அப்பா அம்மா மூன்று பிள்ளைகள், ஒரு ரோபோ. பிளிங்க் மட்டும் பத்து வயதுக்கு மேல்.

ஈசல்?

முதல் மழைக்குப் பிறகு ஒரு வாரம் வளவில் போட வேண்டாம். புரொஜெக்டர் வெளிச்சத்துக்கு வந்து காற்றுத் துளையில் அடைந்தால் சூடேறி அணையும். ஐப்பசி, கார்த்திகையில் கூரையுள்ள பட்டாலைக்கு மாற்றுங்கள்.

ஊர்ப் பொதுவில் டிக்கெட் போட்டுக் காட்டலாமா?

கூடாது. வீட்டுச் சந்தா வீட்டாருக்கு. பொதுத் திரையிடலுக்கு உரிமையாளரிடம் தனி அனுமதி வாங்க வேண்டும்.

ஒரே ராத்திரிக்கு ஒரு வரிசை சொல்லுங்கள்.

7.15க்கு மேப்பிள் தெரு. முடிந்ததும் விளக்கைப் போட்டு, நம் தெருவாக இருந்தால் யார் வீட்டை முதலில் பார்த்திருப்போம் என்று பேசவிடுங்கள். பத்து நிமிடத்தில் எல்லோர் வாயும் திறந்துவிடும். 8 மணிக்கு டேட்டாவின் விசாரணை. தீர்ப்புக்கு முன் ஒரு நிமிடம் நிறுத்தி, சொத்தா ஆளா என்று கை தூக்கச் சொல்லிவிட்டு ஓட்டுங்கள். சாப்பாடு. 9.45க்கு பிளிங்க், இதை நிறுத்தாமல். முடிந்த பிறகு இரண்டாம் கட்டுக்குப் போகிற வழியில் ஒரு விளக்கு எரியட்டும்.